விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு: வைரஸ் எதற்கு எளிதில் வரும்?

“விண்டோஸ் வாங்கினால் வைரஸ் வரும், ஆப்பிள் வாங்கினால் வராது.” கணினிக் கடைகளிலும் குடும்பப் பேச்சிலும் பல ஆண்டுகளாக அடிபடும் வார்த்தை இது. இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நம்பிக் கவனக்குறைவாக இருந்தவர்கள் கோப்புகளையும் பணத்தையும் இழந்திருக்கிறார்கள்.

முன்பு வைரஸ் வந்தால் பிள்ளையின் பள்ளிப் பாடமோ கல்யாணப் படங்களோ அழிந்துபோகும். இன்று கைப்பேசியிலேயே வங்கிக் கணக்கு இருக்கிறது. முப்பது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த ஊழியர் சேமநிதிப் பணம், ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கணக்கில்தான் வந்து விழுகிறது. அதனால் எந்த இயங்குதளம் எவ்வளவு பாதுகாப்பானது, எங்கே அதன் ஓட்டை என்பதை ஒவ்வொரு குடும்பமும் ஓரளவு தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இயங்குதளமும் நச்சுநிரலும்

கணினியோ கைப்பேசியோ, அதைத் திறந்தவுடன் முதலில் வேலை செய்யத் தொடங்கும் அடிப்படை மென்பொருள்தான் இயங்குதளம். விண்டோஸ், மேக் ஓஎஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோனின் ஐஓஎஸ் ஆகியவை இன்று அதிகம் புழங்குபவை. எந்தச் செயலி எந்தக் கோப்பைத் தொடலாம், எது குறுஞ்செய்தியைப் படிக்கலாம், எது இணையத்தோடு பேசலாம் என்பதையெல்லாம் அனுமதிப்பதும் தடுப்பதும் அதன் வேலை.

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் வைரஸ் என்றே சொல்கிறோம். உண்மையில் அவை பல வகை. வேறொரு கோப்போடு ஒட்டிக்கொண்டு பரவுவது வைரஸ். யாரும் எதையும் அழுத்தாமலேயே வலையமைப்பு வழியாகத் தானே பரவுவது புழு. நல்ல செயலி போல வேடமிட்டு உள்ளே நுழைவது ட்ரோஜன். கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்பது பிணைநிரல். இந்த வேறுபாடு முக்கியம். புழுவைத் தடுப்பது இயங்குதளத்தின் பொறுப்பு. ட்ரோஜனுக்குக் கதவைத் திறந்துவிடுவதோ பெரும்பாலும் பயனர்தான்.

தொடக்கத்தில் விண்டோஸே இல்லை

வைரஸ் என்றாலே விண்டோஸ் நினைவுக்கு வந்தாலும், தொடக்கக் கதை வேறு. 1982-இல் அமெரிக்காவில் 15 வயது மாணவர் ரிச் ஸ்க்ரென்டா எழுதிய ‘எல்க் குளோனர்’ பரவியது ஆப்பிள் 2 கணினிகளில். நெகிழ்வட்டு வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிய அது, ஐம்பதாவது முறை வட்டைப் போடும்போது திரையில் ஒரு சிறு கவிதையைக் காட்டும். 1986-இல் பாகிஸ்தானின் லாகூரிலிருந்து பரவிய ‘பிரெய்ன்’ ஐபிஎம் வகைக் கணினிகளைத் தொற்றியது.

1988 நவம்பர் 2-ஆம் தேதி வெளியான ‘மோரிஸ்’ புழு தாக்கியது யூனிக்ஸ் இயங்குதளத்தை. மேக், லினக்ஸ் இரண்டும் யூனிக்ஸ் பரம்பரையைச் சேர்ந்தவை. அப்போது இணையத்தில் இருந்தவை சுமார் 60,000 கணினிகள். அவற்றில் ஏறத்தாழ 6,000 முடங்கியதாக மதிப்பிடப்பட்டது. வைரஸே வராத இயங்குதளம் என்று ஒன்று தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை.

விண்டோஸ்: பெரிய சந்தை, பெரிய இலக்கு

உலகின் மேசைக் கணினிகள், மடிக்கணினிகளில் பத்தில் ஏழு அளவுக்கு விண்டோஸில் ஓடுகின்றன. ஒரு நச்சுநிரலை எழுதுபவன், அது அதிகக் கணினிகளில் வேலை செய்ய வேண்டும் என்றே நினைப்பான். விண்டோஸ் அதிகம் தாக்கப்பட இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் பழைய விண்டோஸின் அமைப்பு. எக்ஸ்பி காலத்தில் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலோர் முழு நிர்வாக அதிகாரம் கொண்ட கணக்கையே அன்றாடம் பயன்படுத்தினர். உள்ளே வந்த நச்சுநிரலுக்கும் அதே அதிகாரம் கிடைத்தது. கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை விண்டோஸ் மறைத்துக் காட்டும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து பரவிய ‘ஐ லவ் யூ’ இதைத்தான் பயன்படுத்தியது. காதல் கடிதம் போல மின்னஞ்சலில் வந்த இணைப்பு, பார்வைக்குச் சாதாரண எழுத்துக் கோப்பாகத் தெரிந்தது. அழுத்தியவுடன் முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் தன்னை அனுப்பிக்கொண்டது.

2003-இல் ‘பிளாஸ்டர்’ புழு, இணையத்தில் இணைத்து வைத்திருந்தாலே போதும் என்று எக்ஸ்பி கணினிகளுக்குள் புகுந்தது. 2008 இறுதியில் வந்த ‘கான்பிக்கர்’ வலையமைப்பு வழியாகவும் பென்டிரைவ் வழியாகவும் பரவியது. பள்ளி அலுவலகத்திலிருந்து அச்சுக்கடைக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் ஒரே பென்டிரைவ் சுற்றிவந்த காலம் அது. செருகியவுடன் தானே இயங்கும் வசதிதான் பென்டிரைவ் வைரஸ்களுக்கு வழிவிட்டது. மைக்ரோசாப்ட் பிறகு அந்த வசதியை நிறுத்தியது.

ஒவ்வோர் அடிக்குப் பிறகும் விண்டோஸ் மாறியது. 2004-இல் எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்பு தீச்சுவரை இயல்பாகவே இயக்கி வைத்தது. 2007-இல் வந்த விஸ்டா, பெரிய மாற்றம் எதையும் செய்யும்முன் பயனரின் ஒப்புதலைக் கேட்டது. இன்றைய விண்டோஸில் ‘டிபெண்டர்’ என்ற வைரஸ் தடுப்பி கூடவே வருகிறது. சாதாரண வீட்டுப் பயன்பாட்டுக்கு அது போதும்.

அப்படியிருந்தும் 2017 மே 12-ஆம் தேதி ‘வானாக்ரை’ பிணைநிரல் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை வந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. புதுப்பித்த கணினிகள் தப்பின. தள்ளிப்போட்டவையும், திருட்டு விண்டோஸ் போட்டுப் புதுப்பிப்பை நிறுத்தி வைத்திருந்தவையும் மாட்டிக்கொண்டன.

மேக்: நல்ல பூட்டு, ஆனால் பூட்டுதான்

மேக் கணினிகள் குறைவாகத் தாக்கப்பட்டதற்கு இரு காரணங்கள் உண்டு. யூனிக்ஸ் அமைப்பில் சாதாரணப் பயனரின் அதிகாரமும் நிர்வாகியின் அதிகாரமும் தொடக்கத்திலிருந்தே தனித்தனி. கணினிக்குள் ஆழமாக ஒன்றை நிறுவ வேண்டுமானால் கடவுச்சொல் கேட்கும். அதோடு மேக் வைத்திருந்தோர் எண்ணிக்கை குறைவு என்பதால் குற்றவாளிகள் அதன்மேல் அதிகம் அக்கறை காட்டவில்லை.

2012-இல் ‘பிளாஷ்பேக்’ அந்த நிம்மதியைக் கலைத்தது. ஜாவா மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டை வழியாக, கெடுக்கப்பட்ட இணையப் பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில் அது மேக்கில் குடியேறியது. சுமார் 6 லட்சம் மேக் கணினிகள் பாதிக்கப்பட்டன. ஜாவாவின் உரிமையாளரான ஆரக்கிள் அந்த ஓட்டையைப் பிப்ரவரியில் அடைத்துவிட்டது. ஆப்பிள் தன் பயனர்களுக்கு அதை வழங்கியது ஏப்ரலில்தான். அதே ஆண்டில், மேக்கிற்கு விண்டோஸ் வைரஸ் வராது என்று தன் இணையத்தளத்தில் பெருமையாகப் போட்டிருந்த வாசகத்தை ஆப்பிள் மாற்றிக்கொண்டது.

2016-இல் மேக்கிற்கான பிணைநிரல் ‘கீரேஞ்சர்’ வந்தது. 2023 முதல் பரவிவரும் ‘அட்டாமிக்’ திருடி, சேமித்து வைத்த கடவுச்சொற்களையும் மின்நாணயப் பைகளையும் குறிவைக்கிறது. இலவசமாகக் கிடைப்பதாகச் சொல்லப்படும் மென்பொருளைத் தேடிப் பதிவிறக்குபவர்களே இதில் அதிகம் சிக்குகிறார்கள். கடவுச்சொல்லைக் கேட்கும் பெட்டி வரும்போது, அவர்களே அதைத் தட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆப்பிளின் ‘கேட்கீப்பர்’ காவல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், உரிமையாளரே சாவியைக் கொடுத்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

லினக்ஸ்: வீட்டில் அமைதி, வெளியே போர்

வீட்டுக் கணினியில் லினக்ஸ் வைத்திருப்போர் சிலரே. அவர்கள் மென்பொருள்களைப் பெரும்பாலும் சரிபார்க்கப்பட்ட ஒரே களஞ்சியத்திலிருந்து எடுக்கிறார்கள். கண்ட தளத்தில் பதிவிறக்க வேண்டிய தேவை குறைவு. பதிப்புகளும் பலவகையாக இருப்பதால் ஒரே நச்சுநிரல் எல்லாவற்றிலும் ஓடாது. வீட்டு மேசையில் லினக்ஸுக்கு வைரஸ் தொல்லை அரிது என்பது உண்மை.

ஆனால் இணையத்தின் பெரும்பாலான வழங்கிகள் ஓடுவது லினக்ஸில். வை-ஃபை ரௌட்டர், மறைக்காணி போன்ற சிறு கருவிகள் பலவற்றின் உள்ளே இருப்பதும் லினக்ஸ்தான். 2016-இல் ‘மிராய்’ நச்சுநிரல் அத்தகைய கருவிகளைத் தேடித் தேடிப் பிடித்தது. அது செய்த தந்திரம் மிக எளிது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை வாங்கியவர் மாற்றியிருக்க மாட்டார் என்ற நம்பிக்கையில், சுமார் 60 பொதுவான பெயர், கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அப்படிப் பிடித்த கருவிகளின் படையால் 2016 அக்டோபர் 21-ஆம் தேதி டுவிட்டர், நெட்பிளிக்ஸ் உள்ளிட்ட பெரிய தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. வீட்டு வாசலில் மாட்டிய மறைக்காணியின் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால், இயங்குதளம் லினக்ஸ் என்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது.

லினக்ஸின் நிரல் எவரும் படிக்கும்படி திறந்திருக்கிறது. 2024-இல் அதன் நன்மையும் ஆபத்தும் சேர்ந்தே வெளிப்பட்டன. ‘எக்ஸ்இசட்’ என்ற சிறு மென்பொருளில், நீண்ட காலம் நல்ல பங்களிப்பாளராக நடித்த ஒருவர் கள்ளக் கதவொன்றை வைத்தார். நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்த பொறியாளர் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட், தோண்டிப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார். பெரும்பாலான கணினிகளுக்குப் போய்ச் சேரும்முன் அது தடுக்கப்பட்டது.

ஆண்ட்ராய்டு: மலேசியர்களின் பெரிய ஆபத்து இங்கே

ஆண்ட்ராய்டின் அடித்தளமும் லினக்ஸ்தான். ஒவ்வொரு செயலியும் தனிப் பெட்டிக்குள் ஓடுகிறது. ஒரு செயலி மற்றொன்றின் தகவலைத் தானாகத் தொட முடியாது. தானே பரவும் பழைய வகை வைரஸ் கைப்பேசியில் அரிதாக இருக்க இதுவே காரணம்.

ஆனால் கூகுளின் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்தும் செயலியை நிறுவிக்கொள்ள ஆண்ட்ராய்டு இடம் தருகிறது. அந்தச் செயலிக் கோப்பின் பெயர் ‘ஏ.பி.கே.’ என்று முடியும். மோசடிக் கும்பல்கள் பிடித்துக்கொண்ட வழி இதுதான். 2022 ஏப்ரலில் ஈசெட் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், வீடு துப்புரவுச் சேவை, செல்லப்பிராணிக் கடை போன்ற பெயர்களில் போலித் தளங்கள் அமைத்து, எட்டு மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்தது தெரியவந்தது. பிறகு வாட்ஸ்அப்பில் கல்யாண அழைப்பிதழ் என்ற பெயரிலும் இத்தகைய கோப்புகள் சுற்றின.

அது வேலை செய்யும் விதம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே. கோப்பை அழுத்தியதும், தெரியாத இடத்திலிருந்து நிறுவுவதாகக் கைப்பேசி எச்சரிக்கும். அதைத் தாண்டி நிறுவியதும், குறுஞ்செய்திகளைப் படிக்கச் செயலி அனுமதி கேட்கும். அடுத்து ஒரு சிறு தொகையைக் கட்டச் சொல்லிப் போலி வங்கிப் பக்கத்தைக் காட்டும். அங்கே தட்டிய பெயரும் கடவுச்சொல்லும் கும்பலிடம் போகும். வங்கி அனுப்பும் ‘டேக்’ எண்ணும் குறுஞ்செய்தியிலிருந்து நேராக அவர்களிடம் போகும். கணக்கு வைத்திருப்பவர் யாரிடமும் அந்த எண்ணைச் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் பணம் போய்விடும். “நான் எண்ணை யாருக்கும் கொடுக்கவே இல்லை” என்று பாதிக்கப்பட்டவர்கள் சொல்வது பொய்யில்லை. கொடுத்தது அந்தச் செயலி.

இதனால்தான் 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி எண்ணை விட்டு வலுவான உறுதிப்படுத்தும் முறைக்கு மாறும்படி வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. சிங்கப்பூரில் 2024 பிப்ரவரியில் கூகுள் ஒரு சோதனை முயற்சியைத் தொடங்கியது. உலாவி, தகவல் செயலி, கோப்பு மேலாளர் வழியாக வந்து, குறுஞ்செய்தி படித்தல் போன்ற ஆபத்தான அனுமதிகளைக் கேட்கும் செயலியை நிறுவவே விடாமல் அது தடுத்தது.

ஆண்ட்ராய்டின் இன்னொரு பலவீனம் புதுப்பிப்பு. கூகுள் ஓட்டையை அடைத்தாலும், கைப்பேசி தயாரித்த நிறுவனம் அதைத் தன் பயனருக்கு அனுப்ப வேண்டும். மலிவான, பழைய கைப்பேசிகளுக்குச் சில ஆண்டுகளில் அது நின்றுவிடுகிறது.

ஐபோனும் குரோம்புக்கும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஐபோனில் ஆப்பிளின் கடை வழியாகவே செயலிகளை நிறுவ முடியும். ‘ஏ.பி.கே.’ கோப்பு ஐபோனில் ஓடாது. அந்த ஒரு மோசடியிலிருந்து இது உறுதியான பாதுகாப்பு. புதுப்பிப்பும் எல்லா ஐபோன்களுக்கும் ஒரே நேரத்தில், பல ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது.

அதற்கும் ஓட்டை உண்டு. இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனத்தின் ‘பெகாசஸ்’ உளவு மென்பொருள், எதையும் அழுத்தாமலேயே ஐபோனுக்குள் நுழைந்ததை 2021-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆப்பிள் அவசரமாகப் புதுப்பிப்பு வெளியிட்டது. அது பத்திரிகையாளர், அரசியல்வாதி போன்றோரைக் குறிவைக்கும் விலையுயர்ந்த ஆயுதம். சாதாரணக் குடும்பத்துக்கு உள்ள ஆபத்து வேறு: போலி வங்கித் தளத்தின் இணைப்பு. அதில் கடவுச்சொல்லைத் தட்டுபவரை எந்த இயங்குதளமும் முழுமையாகக் காப்பாற்றாது.

குரோம்புக் மடிக்கணினிகள் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தம் இயங்குதளம் மாற்றப்பட்டிருக்கிறதா என்று தாமே சரிபார்க்கின்றன. விண்டோஸ் நிரல்கள் அதில் ஓடா. பள்ளிப் பிள்ளையின் பாடத்துக்கு மட்டும் என்றால் அது நல்ல தேர்வு. ஆனால் ஒவ்வொரு மாதிரிக்கும் புதுப்பிப்பு முடியும் தேதி உண்டு. பழையதை வாங்கும்முன் அதைப் பார்க்க வேண்டும்.

ஒப்பிட்டால் தெரிவது

நிறுவியபடியே, எதையும் மாற்றாமல் பயன்படுத்தினால், ஐபோனும் குரோம்புக்கும் முன்னணியில் நிற்கும். மேக்கும் வீட்டு லினக்ஸும் அடுத்து வரும். விண்டோஸும் ஆண்ட்ராய்டும் அதிகம் தாக்கப்படுபவை. ஆனால் இந்த வரிசையை இரண்டு விஷயங்கள் தலைகீழாக்கிவிடும்: புதுப்பிப்பு இன்னும் வருகிறதா, செயலி எங்கிருந்து வந்தது. புதுப்பித்து வைத்த விண்டோஸ் 11, புதுப்பிப்பு நின்றுபோன பழைய மேக்கைவிடப் பாதுகாப்பானது. பிளே ஸ்டோரைத் தாண்டாத ஆண்ட்ராய்டு, திருட்டு மென்பொருள் போட்ட மேக்கைவிடப் பாதுகாப்பானது.

இதில் உடனே கவனிக்க வேண்டியது விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. கோவிட் காலத்தில் இல்லிருப்புக் கற்றலுக்காகப் பல குடும்பங்கள் வாங்கிய மடிக்கணினிகளில் இருப்பது இதுவே. அவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கணினி தகுதி பெற்றிருந்தால் விண்டோஸ் 11-க்கு மாறுவது. இதற்கு ‘டி.பி.எம். 2.0’ பாதுகாப்புச் சில்லும் போதிய அளவு புதிய செயற்பாட்டகமும் தேவை. இரண்டாவது, 2026 அக்டோபர் 13 வரையிலான ஓராண்டு கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பதிந்துகொள்வது. மூன்றாவது, உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் போன்ற இலவச லினக்ஸை நிறுவுவது. இணையம், காணொளி, ‘லிப்ரே ஆபிஸ்’ வழி எழுத்து வேலை எல்லாம் அதில் நடக்கும். மைக்ரோசாப்ட் ஆபிஸை நேரடியாக நிறுவ முடியாது. சில பழைய அச்சுப்பொறிகளும் ஒத்துழைக்காமல் போகலாம்.

பழைய கணினி விற்கும் கடையில், விண்டோஸும் ஆபிஸும் போட்டே தருகிறோம் என்றால், உரிமம் அசலா என்று கேட்க வேண்டும். பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்போடு நச்சுநிரலும் சேர்ந்து வருவது பழைய கதை.

வீட்டில் செய்ய வேண்டியவை

கணினி, கைப்பேசி இரண்டிலும் தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்பை, அனுப்பியவர் உறவினரே ஆனாலும் அழுத்தக் கூடாது. அவருடைய கணக்கே கைமாறியிருக்கலாம். கல்யாணப் பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ வரும். அதைப் பார்க்க எந்தச் செயலியையும் நிறுவத் தேவையில்லை. எந்தச் செயலிகளுக்குக் குறுஞ்செய்தி அனுமதி இருக்கிறது என்று கைப்பேசி அமைப்பில் பார்த்து, தேவையற்றதை நீக்க வேண்டும். முக்கியக் கோப்புகளின் நகலை வெளிவட்டில் எடுத்து, அதைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். செருகியே வைத்திருந்தால் பிணைநிரல் அதையும் பூட்டிவிடும். வீட்டிலுள்ள முதியவர்களின் கைப்பேசியில் தெரியாத இடத்திலிருந்து நிறுவும் அனுமதி நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பிள்ளைகள் ஒருமுறை பார்த்துக் கொடுப்பது நல்லது.

தவறாக நிறுவிவிட்டால் நிமிடங்கள் முக்கியம். முதலில் விமானப் பயன்முறையைப் போட்டு வை-ஃபையையும் நிறுத்தி இணையத்தைத் துண்டிக்க வேண்டும். வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியின் 24 மணி நேர எண்ணை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். மலேசியாவில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணை அழைக்கலாம். சிங்கப்பூரில் ஸ்கேம்ஷீல்டின் 1799. பிறகு காவல் நிலையத்தில் புகார் செய்து, அதன் நகலை வைத்துக்கொள்ள வேண்டும். கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்தே மாற்ற வேண்டும். வெட்கப்பட்டு மறுநாள் வரை காத்திருந்தால் பணம் பல கணக்குகள் தாண்டிப் போய்விடும். முதல் ஒரு மணி நேரத்தில் அழைத்தால் வழியில் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.